காத்திருக்கத் தெரிந்த பயிற்சியாளர்: ஈட்டன் ஊரின் பிரதர் கொலம்

கொலம் ஓகானல் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் 1948இல் பிறந்தவர். 1976இல் கென்யாவின் மேற்கு மேட்டுநிலத்திலுள்ள ஈட்டன் என்ற சிற்றூருக்குப் புவியியல் ஆசிரியராக வந்தார். மூன்று மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்புவதாக ஏற்பாடு. அவர் ஓட்டக்காரர் அல்லர். தடகளப் பயிற்சிக்கென்று எந்தப் படிப்பும் படித்தவர் அல்லர். அவர் திரும்பிப் போகவில்லை. அவர் பார்வையில் ஓடிப் பழகிய பிள்ளைகளில் சிலர் ஒலிம்பிக் தங்கம் வென்றார்கள், சிலர் உலக சாதனை படைத்தார்கள், பலர் எந்தப் பதக்கமும் இல்லாமல் நல்ல வாழ்க்கை அமைத்துக்கொண்டார்கள். விளையாட்டு உலகம் அவரைக் கென்ய ஓட்டத்தின் ஞானத்தந்தை என்று அழைக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அவர் பிரதர் கொலம்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்ததற்காக அவர் கட்டணம் வாங்கியதில்லை. சம்பளமில்லாமல் பயிற்சி கொடுப்பவரை நல்ல மனிதர் என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். ஈட்டனில் நடந்ததை உற்றுப் பார்த்தால், அந்தச் சம்பளமின்மையே பயிற்சிமுறையின் அடித்தளமாக இருந்தது தெரியவரும். ஒரு பிள்ளை ஜெயித்தால் பயிற்சியாளருக்கு வருமானமில்லை, தோற்றால் நட்டமுமில்லை. அதனால் அவரால் காத்திருக்க முடிந்தது. வளரும் வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவரிடம் இருக்க வேண்டிய முதல் குணம் அதுதான்.

ஈட்டன் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகமண்டலத்தைவிடச் சற்று உயரம். ஊரின் ஒரு பக்கம் தரை சட்டென்று முடிந்து, ஆயிரம் மீட்டருக்கும் கீழே கெரியோ பள்ளத்தாக்கு விரிகிறது. மறுபக்கம் மக்காச்சோளக் கொல்லைகள், மாடுகள் மேயும் புல்வெளி, ஏறி இறங்கும் செம்மண் சாலைகள். இங்கே வாழ்பவர்கள் கலெஞ்சின் என்று சொல்லப்படும் இனக்குழுக்களில் ஒன்றான கெய்யோ மக்கள். நந்தி, கிப்சிகிஸ், மரக்வெட், துகென் ஆகியோரும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். கென்யாவின் புகழ்பெற்ற ஓட்டக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தக் குழுக்களிலிருந்து வந்தவர்களே.

இதற்கு உயரமான இடமே காரணம் என்று ஒரு வரியில் முடித்துவிடுபவர்கள் உண்டு. காற்றில் ஆக்சிஜன் குறைந்த இடத்தில் பிறந்து வளரும் உடலில் ரத்தச் சிவப்பணுக்கள் கூடுகின்றன என்பது உண்மைதான். நெடுந்தூரம் ஓட அது உதவுகிறது. ஆனால் நேபாளத்திலும் பெருவிலும் இதைவிட உயரமான ஊர்கள் எத்தனையோ உள்ளன. அங்கிருந்தெல்லாம் உலகச் சாம்பியன்கள் அணிவகுத்து வந்துவிடவில்லை. உயரத்தோடு வேறு சிலவும் சேர வேண்டியிருந்தது. பள்ளி வேண்டும், போட்டி வேண்டும், தனக்கு முன்னால் ஓடி ஜெயித்த பக்கத்து வீட்டு அண்ணன் வேண்டும், நாள்தோறும் தவறாமல் மைதானத்துக்கு வரும் ஒரு பெரியவர் வேண்டும்.

அந்தப் பெரியவர் எப்படிப்பட்ட வாழ்க்கையைத் தேர்ந்துகொண்டவர் என்பதையும் பார்க்க வேண்டும். ஓகானல் பேட்ரிசியன் சகோதரர்கள் என்ற கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்தவர். டானியேல் டெலானி என்ற ஆயர் 1808இல் அயர்லாந்தின் டல்லோ நகரில் தொடங்கிய சபை அது. தமிழ்நாட்டுக்கு அந்நியமான சபையும் அல்ல: 1875 முதல் சென்னையில் பணியாற்றுகிறது, அடையாற்றிலுள்ள செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளி அவர்களுடையதே. சபையின் உறுப்பினர்கள் குருக்கள் அல்லர். பூசை வைப்பது அவர்கள் வேலை இல்லை. கல்விப்பணிதான் அவர்களுடைய பணி. வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளை ஏற்றவர்கள் என்பதால் தனிச்சொத்து சேர்ப்பதில்லை. குடும்பம் நடத்தும் ஒருவர் மாலையில் இரண்டு மணி நேரத்தை மைதானத்துக்குத் தருவது எவ்வளவு கடினம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஓகானலுக்கு அந்த நெருக்கடி இல்லை. இருந்தும், இதே வார்த்தைப்பாடுகளை ஏற்ற எத்தனையோ பேர் வகுப்பு முடிந்ததும் அறைக்குத் திரும்பியிருக்கிறார்கள். இவர் மைதானத்துக்குப் போனார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த செயின்ட் பேட்ரிக்ஸ் உயர்நிலைப் பள்ளி ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி. அவர் வருவதற்கு முன்பே அங்கே ஓட்டம் வேர்விட்டிருந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் வெண்கலம் வென்ற மைக் பாய்ட் அந்தப் பள்ளியில் படித்தவர். ஓகானல் வந்தபோது தடகளத்தைக் கவனித்துவந்தவர் பீட்டர் ஃபாஸ்டர் என்ற ஆங்கிலேயத் தன்னார்வ ஆசிரியர். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் வெண்கலம் வென்ற பிரெண்டன் ஃபாஸ்டரின் தம்பி அவர். புதிதாக வந்த புவியியல் ஆசிரியரை மைதானத்தில் தனக்கு உதவிக்கு வரச் சொன்னார். கொஞ்ச காலத்தில் ஃபாஸ்டர் தாயகம் திரும்பிவிட, பொறுப்பு முழுவதும் ஓகானல் தலையில் விழுந்தது. ஈட்டனின் கதையை ஒரே ஒரு வெள்ளைக்காரர் வந்து காட்டிய அற்புதமாகச் சொல்வது தவறு. பாய்டும் ஃபாஸ்டரும் ஓடிப் பழகிய பையன்களும் அவருக்கு முன்பே அங்கே இருந்தார்கள்.

காலமும் சாதகமாக இல்லை. நியூசிலாந்து ரக்பி அணி, நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று ஆடியதைக் கண்டித்து 1976 ஒலிம்பிக்கை ஆப்பிரிக்க நாடுகள் பல புறக்கணித்தன. கென்யாவும் அவற்றில் ஒன்று. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்கும் கென்யா போகவில்லை. ஹென்றி ரோனோ 1978இல் மூன்று மாதத்துக்குள் நான்கு உலக சாதனைகளைப் படைத்தும் ஒலிம்பிக் மைதானத்தைப் பார்க்க முடியாமல் போனது இதனால்தான். 1972க்கும் 1984க்கும் நடுவே பள்ளியில் ஓடிய பையன்களுக்கு ஒலிம்பிக் என்ற இலக்கே கண்ணில் படவில்லை. அவர்களுக்கு எட்டக்கூடியதாக இருந்தது அமெரிக்கப் பல்கலைக்கழக ஸ்காலர்ஷிப். ஓகானலின் முதல் பத்தாண்டு பெரும்பாலும் இந்த அமைதியில் கழிந்தது. பேர் வாங்க வந்தவராக இருந்திருந்தால் அந்தப் பத்தாண்டிலேயே சலித்துப்போயிருப்பார்.

அந்த ஆண்டுகளில்தான் அவர் தொழில் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தவர்கள் பிள்ளைகள். பாடப்புத்தகத்தில் கண்ட அட்டவணையைப் பிள்ளைகள்மேல் திணிக்க அவருக்கு அட்டவணையே தெரியாது என்பது நல்லதாகப் போயிற்று. ஓரமாக நின்று பார்த்தார். எந்தப் பையன் ஏற்றத்தில் தோளை இறுக்கிக்கொள்கிறான், எவன் களைத்ததும் தலையைப் பின்னால் சாய்க்கிறான், எவன் கூட்டத்தின் நடுவில் ஓடும்போது மட்டும் நன்றாக ஓடுகிறான் என்று கவனித்தார். ஓடி முடித்தவனிடம் எப்படி இருந்தது என்று கேட்டார். இந்தக் கேட்கும் பழக்கம் பின்னாளிலும் அவரிடம் இருந்தது. உலக சாதனையாளர்களிடமும் அப்படியே கேட்டார்.

இப்ராகிம் ஹுசேன் இந்தப் பள்ளி மாணவர். பின்னர் அமெரிக்காவில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் படித்தார். 1987இல் நியூயார்க் மாரத்தானிலும் 1988இல் பாஸ்டன் மாரத்தானிலும் முதலாவதாக வந்து, அவ்விரண்டையும் வென்ற முதல் ஆப்பிரிக்கர் ஆனார். பெருநகர மாரத்தான்களில் கிழக்கு ஆப்பிரிக்கர்களே முன்னால் ஓடும் இன்றைய காட்சிக்குத் தொடக்கம் அதுதான்.

1986இல் ஏதென்ஸில் முதன்முதலாக உலக ஜூனியர் தடகளப் போட்டி நடந்தது. கென்ய அணியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஓகானலிடம் வந்தது. அவர் கூட்டிச்சென்ற சிறிய அணியில் பெரும்பாலோர் ஈட்டன் பள்ளிப் பையன்கள். அணி பதக்கங்களை அள்ளிக்கொண்டு திரும்பியது. ஈட்டன் என்ற ஊர்ப்பெயரை வெளியுலகத் தடகள வட்டாரம் அதன் பிறகுதான் விசாரிக்கத் தொடங்கியது.

இரண்டே ஆண்டில் பெரிய மேடை வந்தது. 1988 சோல் ஒலிம்பிக், 1,500 மீட்டர் இறுதிப் போட்டி. பிரிட்டனின் ஸ்டீவ் கிராமும் பீட்டர் எலியட்டும் இருந்த பந்தயத்தில், அவ்வளவாகப் பேர் தெரியாத 21 வயது பீட்டர் ரோனோ பாதிக்கு முன்பே முன்னணிக்கு வந்தார். வேகம் அதிகமில்லை, பின்னால் வருபவர்கள் கடைசிச் சுற்றில் முந்திவிடுவார்கள் என்றுதான் பார்த்தவர்கள் எண்ணினார்கள். முந்தவில்லை. 3 நிமிடம் 35.96 நொடியில் ரோனோ முடித்தார். எலியட் இரண்டாவது, கிராம் நான்காவது. ஒலிம்பிக் 1,500 மீட்டர் வெற்றியாளர்களில் அதுவரை இருந்த எல்லோரையும்விட இளையவர் ரோனோ. அவரும் செயின்ட் பேட்ரிக்ஸ் மாணவரே. நான்கு ஆண்டு கழித்து பார்சிலோனாவில் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் என்ற தடைதாண்டும் ஓட்டத்தில் தங்கம் வென்ற மாத்யூ பிரிரும் அங்கே படித்தவர். அந்தப் பந்தயத்தில் முதல் மூன்று இடமும் கென்யாவுக்கே.

ஓகானல் பள்ளியின் தலைமையாசிரியர் பொறுப்பையும் வகித்தார். பள்ளி வளாகத்தில் ஒரு பழக்கம் வந்தது: உலக அளவில் வென்ற மாணவர் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு மரம், அதனருகே ஒரு பெயர்ப்பலகை. வகுப்புக்குப் போகும் பையன் தினமும் அந்தப் பெயர்களைக் கடந்துதான் போக வேண்டும். தன் தாலுகாவைச் சேர்ந்த, தன் மொழி பேசுகிற, தான் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்த ஒருவனின் பெயர் அங்கே இருக்கிறது என்பது சிறிய விஷயம் அல்ல.

பதக்கங்களைவிடப் பெரிய வேலை 1989இல் தொடங்கியது: விடுமுறைக்காலப் பயிற்சி முகாம். கென்யப் பள்ளிகளுக்கு ஆண்டில் மூன்று பருவம். பருவ விடுமுறைகளில் விடுதி காலியாகக் கிடக்கும். அந்தக் காலி விடுதியில் சுற்றுவட்டாரப் பள்ளிகளின் இளம் ஓட்டக்காரர்களைத் தங்கவைத்துப் பயிற்சி கொடுக்கலாம் என்ற யோசனைக்குப் பெரிய முதலீடு தேவைப்படவில்லை. கட்டில் இருக்கிறது, சமையலறை இருக்கிறது, சாலை இருக்கிறது. இன்று ஈட்டனுக்கு உலகெங்குமிருந்து ஓட்டக்காரர்கள் வந்து தங்கும் முகாம்கள் ஏராளம்; ஊர் நுழைவில் 'சாம்பியன்களின் இல்லம்' என்று எழுதிய வளைவே நிற்கிறது. அவற்றுக்கெல்லாம் முன்மாதிரி இந்தப் பள்ளி முகாம்தான்.

அந்த ஊரில் ஒரு பயிற்சி நாள் இப்படிப் போகும். விடிகிற நேரத்தில் குளிர் நடுக்கும். பிள்ளைகள் கூட்டமாகச் செம்மண் சாலையில் இறங்குவார்கள். மழைக்காலமென்றால் சேறு காலணியில் அப்பிக்கொண்டு கனக்கும். வெயில் காலமென்றால் ஒரு லாரி போனால் போதும், தூசியில் முன்னால் ஓடுபவர் தெரியமாட்டார். திரும்பி வந்ததும் பாலும் சர்க்கரையும் தாராளமாகச் சேர்த்துக் கொதிக்கவைத்த தேநீர். பிறகு ஓய்வு, இன்னொரு பயிற்சி. மதியமோ இரவோ, உகாலி என்று அவர்கள் சொல்லும் மக்காச்சோளக் களி, கீரை, அவரை. ஓய்வும் பயிற்சியின் பகுதி என்பது கண்டிப்பான விதி. வீட்டிலிருந்தால் தண்ணீர் சுமக்கவும் மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் போக வேண்டிய பிள்ளைக்கு, மதியம் படுத்துத் தூங்க அனுமதி கிடைப்பதே முகாமின் பெரிய வசதி.

முகாமின் தொடக்கத்தில் ஓகானலின் கவனம் பெண்பிள்ளைகள் மேல் இருந்தது. இதை அவருடைய மிகச் சிறந்த முடிவு என்றே சொல்ல வேண்டும். 1989இல் கென்யப் பெண் ஒருவர்கூட ஒலிம்பிக் தடகளப் பதக்கம் வென்றிருக்கவில்லை. முதல் பதக்கம் 1996இல்தான் வந்தது, பாலின் கோங்கா 5,000 மீட்டரில் வென்ற வெள்ளி. முதல் தங்கத்துக்கு 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆரம்பப் பள்ளியில் பையன்களுக்குச் சமமாக ஓடிய சிறுமிகள் பதினாறு பதினேழு வயதில் காணாமல் போய்விடுவார்கள். கல்யாணம், வீட்டு வேலை, பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமை என்று காரணங்கள் வரிசையாக நிற்கும். பையன்களுக்கு விடுதிப் பள்ளியும் ராணுவ, போலீஸ் அணிகளும் இருந்தன. பெண்களுக்கு ஓடுவதற்கென்று ஓர் இடமே இல்லை. விடுமுறை முகாம் அந்த இடமாயிற்று. ஊரிலுள்ள சிங்கோர் பெண்கள் உயர்நிலைப் பள்ளியும் ஓட்டக்காரிகளின் பள்ளியாகப் பெயர் எடுத்தது.

முகாமில் வளர்ந்த லிடியா செரோமெய் 1991இல் ஆண்ட்வெர்ப் நகரில் உலக ஜூனியர் கிராஸ்-கன்ட்ரி பட்டம் வென்றபோது வயது 13. இவ்வளவு சின்ன வயதில் கிடைக்கும் வெற்றி பயிற்சியாளருக்கு ஒரு சோதனை. அந்தப் பிள்ளையை ஓயாமல் ஓடவைத்து இன்னும் நாலு பட்டம் வாங்கிவிடலாம். இருபது வயதில் அந்த உடல் தேய்ந்துபோகும். கென்ய ஓட்டத்தில் ஜூனியர் பட்டம் வென்றுவிட்டுச் சுவடில்லாமல் மறைந்த பிள்ளைகள் நிறைய. செரோமெய் முப்பது வயதுக்குப் பிறகும் மாரத்தான் ஓடிக்கொண்டிருந்தார்.

இதற்கு இன்னும் தெளிவான சான்று எட்னா கிப்லகாட். ஓகானலின் முகாமில் ஓடிப் பழகிய இவர் 1996இல் உலக ஜூனியர் போட்டியில் 3,000 மீட்டரில் வெள்ளி வென்றார். பிறகு பல ஆண்டு பெரிய வெற்றி எதுவும் வரவில்லை. 2010இல் நியூயார்க் மாரத்தானை வென்றார். 2011இல் தென்கொரியாவின் டேகு நகரில் உலகப் போட்டி மாரத்தானில், தண்ணீர் எடுக்கும் இடத்தில் சக வீராங்கனையோடு மோதிக் கீழே விழுந்தார். எழுந்து ஓடித் தங்கம் வென்றார். 2013இல் மீண்டும் உலகப் பட்டம். 2017இல், 37 வயதில், பாஸ்டன் மாரத்தான். ஜூனியர் வெள்ளிக்கும் இந்த வெற்றிக்கும் நடுவே 21 ஆண்டு. பதினாறு வயதில் பிழிந்தெடுக்கப்பட்ட உடல் இப்படி நீடிக்காது. ஜேனத் ஜெப்கோஸ்கெயும் அதே வழியில் வந்தவர்: 2002இல் 800 மீட்டரில் உலக ஜூனியர் பட்டம், 2007இல் ஒசாகாவில் பெரியவர்களுக்கான உலகப் பட்டம்.

ஓகானலின் பயிற்சியைப் பார்க்க வந்த வெளிநாட்டுப் பயிற்சியாளர்களுக்கு முதல் நாள் ஏமாற்றமே கிடைக்கும். உலக சாதனையாளர் ஒருவர் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து நடையைவிடச் சற்றே வேகமாக ஓடிக்கொண்டிருப்பார். மூச்சு வாங்காது, வியர்வை தெரியாது. அந்த மெதுவான ஓட்டத்துக்குக் காரணம் உண்டு. வேகமாக ஓடும்போது உடலின் பிழைகள் மறைந்துவிடும். மெதுவாக ஓடும்போது அவை வெளியே வரும். தலை நேராக நிற்கிறதா, தோள் தளர்ந்திருக்கிறதா, கை குறுக்கே வீசாமல் முன்னும் பின்னும் போகிறதா, பாதம் உடலுக்கு நேர்கீழே பதிகிறதா என்பதையெல்லாம் மெதுவான ஓட்டத்தில் பார்த்துத் திருத்தலாம். முழங்காலை உயர்த்துவது, கணுக்காலைத் துள்ளவைப்பது போன்ற பயிற்சிகளையும் அவர் அவசரமில்லாமல் செய்யவைத்தார். கடினமான ஓட்டம் வரும் நாள் தனி. அன்று ஸ்டாப்வாட்ச் வெளியே வரும். ஒரே கூட்டத்தில் பெரியவர்களையும் சிறுவர்களையும் கலந்து ஓடவிடுவதும் அவர் வழக்கம். பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஒலிம்பிக் வீரர் அதே பயிற்சியை அதே பொறுமையோடு செய்யும்போது சொற்பொழிவு தேவையில்லை.

800 மீட்டர் ஓட்டத்தின் அண்மைக்கால வரலாற்றில் இரண்டு பெயர்கள் இந்த மைதானத்திலிருந்து வந்தவை. முதலாமவர் வில்சன் கிப்கெட்டர். செயின்ட் பேட்ரிக்ஸில் படித்தவர், 1990இல் டென்மார்க் சென்றார், பின்னர் அந்நாட்டுக் குடிமகனானார். குடியுரிமை வந்து சேராததால் 1996 ஒலிம்பிக்கை இழந்தார். அடுத்த ஆண்டு, செபாஸ்டியன் கோ 1981இல் படைத்த சாதனையை முறியடித்து 1 நிமிடம் 41.11 நொடிவரை கொண்டுவந்தார். சாதனை டென்மார்க்கின் பெயரில் பதிவானது. தங்கள் மாணவர் வேறு நாட்டுச் சட்டை அணிந்து வென்றது ஈட்டன் மைதானத்தில் ஒருவரையும் வருத்தவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பிள்ளையின் வாழ்க்கை பிள்ளையுடையது; பயிற்சியாளருக்கு அதில் பங்கு கேட்கும் உரிமையில்லை.

இரண்டாமவர் டேவிட் ருடிஷா. கலெஞ்சின் அல்லர், தெற்கேயுள்ள கில்கோரிஸ் பகுதியைச் சேர்ந்த மாசாய் குடும்பத்துப் பிள்ளை. தந்தை டேனியல் ருடிஷா 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் தொடரோட்டத்தில் வெள்ளி வென்ற கென்ய அணியில் ஓடியவர். மகன் படிக்க வந்தது ஈட்டனிலுள்ள கிமுரோன் பள்ளிக்கு. தந்தையைப் போல் 400 மீட்டர் ஓடவே விரும்பினான். உயரமான பையன், நீண்ட கால். 800 மீட்டர் அவனுக்குப் பொருந்தும் என்று ஓகானல் கணித்தார். 2006இல், 17 வயதில், பெய்ஜிங்கில் உலக ஜூனியர் பட்டம் கிடைத்தது. அதன் பிறகு தடங்கல்கள். 2008 ஒலிம்பிக்குக்குக் காயத்தால் போக முடியவில்லை. 2009 பெர்லின் உலகப் போட்டியில் அரையிறுதியோடு வெளியேறினார். பணம் போட்டு வளர்ப்பவர்கள் பொறுமை இழக்கும் கட்டம் இதுதான். ஓகானல் பயிற்சியை மாற்றவில்லை, பந்தயங்களைக் கூட்டவுமில்லை. 2010 ஆகஸ்டில் ஒரே வாரத்தில் இரண்டு முறை உலக சாதனை விழுந்தது: முதலில் பெர்லினில் 1:41.09, பிறகு இத்தாலியின் ரியெட்டியில் 1:41.01.

2012 ஆகஸ்ட் 9, லண்டன். ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் வேகம் கூட்டிக் கொடுக்க வேறு ஓட்டக்காரர் இருக்கமாட்டார். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மெதுவாகத் தொடங்குவதே வழக்கம். ருடிஷா முதல் வளைவு முடிந்ததுமே முன்னால் போய்விட்டார். முதல் சுற்று 49.28 நொடி. கடைசி நூறு மீட்டரில் மற்றவர்களின் தோள் உயர்ந்து தலை ஆடியபோது, அவருடைய தலையும் தோளும் ஆடாமல் நின்றன. மெதுவாக ஓடிப் பழகியதன் பலன் அங்கேதான் தெரிந்தது. 1 நிமிடம் 40.91 நொடி. 1:41க்குக் குறைவான நேரத்தில் ஓடிய முதல் மனிதர் அவர். அவரைத் துரத்திய ஏழு பேரில் ஆறு பேர் தாங்கள் அதுவரை ஓடாத வேகத்தில் இழுத்துச் செல்லப்பட்டார்கள். எட்டாவதாக வந்த பிரிட்டன் வீரர் ஆண்ட்ரூ ஓசாகியின் நேரம் 1:43.77, அதற்கு முந்தைய மூன்று ஒலிம்பிக்கில் அந்த நேரத்துக்குத் தங்கம் கிடைத்திருக்கும். 2016 ரியோவிலும் ருடிஷா வென்றார்.

இந்த வெற்றிகளோடு பணமும் ஊருக்குள் வந்தது. மாரத்தான் பரிசுப்பணத்தில் பக்கத்து நகரமான எல்டொரட்டில் அடுக்குமாடிகள் எழுந்தன. ஏஜெண்டுகள் வந்தார்கள். பக்கத்துக் கெய்யோ கிராமத்துப் பிள்ளை ஸ்டீபன் செரோனோ 2003இல் கத்தார் குடியுரிமை பெற்று, சயீஃப் சயீத் ஷாஹீன் என்ற பெயரில் அதே ஆண்டு உலக ஸ்டீபிள்சேஸ் பட்டம் வென்றார். ஊக்கமருந்துக் குற்றச்சாட்டுகள் அடுத்தடுத்து வந்தன. 2016இல் கென்ய அரசு தனிச் சட்டம் இயற்றி, ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பை ஏற்படுத்த வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும்விடக் கொடியது 2021 அக்டோபரில் நடந்தது. மகளிர் மட்டும் ஓடும் 10 கிலோமீட்டர் பந்தயத்தில் அதற்கு முந்தைய மாதம்தான் உலக சாதனை படைத்திருந்த ஆக்னஸ் டிரோப், 25 வயதில், ஈட்டனில் தன் வீட்டிலேயே கொலை செய்யப்பட்டார். கணவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. ஓடத் தெரிந்த பெண்பிள்ளையைப் பயிற்சி தருகிறேன் என்று சொல்லி அணுகி, அவளுடைய சம்பாத்தியத்தைக் கைப்பற்றும் ஆண்கள் இருக்கிறார்கள் என்பது அந்தக் கொலைக்குப் பிறகு வெளிப்படையாகப் பேசப்பட்டது. தோழிகளும் குடும்பத்தாரும் டிரோப்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கி, அடிபடும் பெண்களுக்கு உதவ முன்வந்தார்கள்.

பயிற்சியாளர் பிள்ளையிடமிருந்து எதை எதிர்பார்க்கிறார் என்ற கேள்வி அதனால்தான் முதல் கேள்வியாகிறது. ஓகானல் எதையும் எதிர்பார்க்கவில்லை. பள்ளி வளாகத்திலேயே ஒரு சாதாரண வீட்டில் இருந்தார். சுவர் நிறைய மாணவர்களின் படங்கள். திறந்த மைதானத்தில், எல்லோர் கண்முன்னும், கூட்டமாகத்தான் பயிற்சி நடந்தது. பெற்றோர் நம்பி அனுப்பினார்கள்.

சம்பளமில்லாத பயிற்சி அவரோடு தொடங்கியதும் அல்ல, அவரோடு நின்றதும் அல்ல. பார்சிலோனாவில் பிரிருக்குப் பின்னால் வெள்ளி வென்ற பாட்ரிக் சாங், ஊர் திரும்பியபின், பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் வந்து பயிற்சி அட்டவணை கேட்டபோது எழுதிக் கொடுத்தார். முடித்துவிட்டு வந்து அடுத்ததைக் கேட்டபோது அதையும் எழுதிக் கொடுத்தார். பையனின் பெயரைக்கூட அவர் உடனே கேட்டுவைக்கவில்லை. அவன்தான் எலியுட் கிப்சோகே. பின்னாளில் இரண்டு முறை ஒலிம்பிக் மாரத்தான் தங்கம் வென்றவர். இந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக ஓட்டம் கைமாறுவது இப்படித்தான்.

பட்டியலில் பெயர் வராதவர்களே எண்ணிக்கையில் அதிகம். முகாமுக்கு வந்த பிள்ளைகளில் மிகச் சிலரே உலகப் போட்டிக்குப் போனார்கள். மற்றவர்களில் போலீஸ், ராணுவம், சிறைத்துறை அணிகளில் சேர்ந்து நிரந்தர வேலை பெற்றவர்கள் உண்டு. ஸ்காலர்ஷிப்பில் படித்து வேறு தொழிலுக்குப் போனவர்கள் உண்டு. ஆசிரியராகி, தங்கள் ஊர்ப் பள்ளியில் மாலை நேரத்தில் பிள்ளைகளை ஓடவைப்பவர்களும் உண்டு. ஒரு பயிற்சியாளரின் வேலையை மதிப்பிட இவர்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். பதக்கத்தை மட்டும் எண்ணினால் பெரும்பாலான பிள்ளைகளின் இளமை கணக்கில் வராமல் போகும்.

விடுமுறை விட்டதும் பள்ளி மைதானத்தைப் பூட்டிவைக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. பிள்ளைகளை ஓடவைக்கச் சம்பளமில்லாமல் வந்து நிற்கும் ஆசிரியரோ பழைய மாணவரோ ஊருக்கு ஒருவர் இருக்கிறார். பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கும்படி மைதானத்தைத் திறந்துவைத்து, அதன் சாவியை அவரிடம் கொடுக்க வேண்டும். இரண்டு ஆண்டில் பதக்கம் எங்கே என்று அவரைக் கேட்காமலும் இருக்க வேண்டும்.